குதிரை போட்ட பஸ்

அந்த அம்மாள் கேட்ட பஸ் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கத் தகரத்தில், முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும் வெள்ளைக் குதிரை. முதலாளி வைத்த பேர் வேறு. ஜனங்களுக்கு அது குதிரை பஸ். பத்து நாற்பதுக்கு தருமபுரியில் எடுத்தால் பென்னாகரம் போய், பன்னிரண்டரைக்குக் கரியம்பட்டியில் ஆளை இறக்கிவிட்டு, சூசையபுரம் வரைக்கும் போய்த் திரும்பும்.

"நோ பஸ் மேடம்," என்றான் மரியசூசை. "ஸ்ட்ரைக். டுடே நோ. டுமாரோ."

சொல்லும்போது பஸ் இருக்கும் பக்கம் திரும்பக் கூடாது, ஆளின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது தீர்த்தகிரி கற்றுக்கொடுத்தது.

அந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கியவள். வெயிலில் கழுத்து சிவந்து கிடந்தது. ஒரு கையில் தோல் பெட்டி, இன்னொரு கையில் மடித்து மடித்து நைந்துபோன காகிதம். அதில் 'கரியம்பட்டி, சிஸ்டர்ஸ் ஆஸ்பத்திரி' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவள் குதிரை பஸ்ஸைக் கை காட்டினாள்.

"தட் பஸ்?"

"தட் சேலம் பஸ் மேடம்."

பஸ்ஸின் நெற்றியில் பென்னாகரம் என்று பெரிதாகத் தமிழில் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாத கிழவிகள் தினமும் நூறு பேர் அங்கே வந்து போகிறார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளைக் கேட்டு ஏறிவிடுவார்கள். இவளும் பக்கத்தில் நின்ற ஆளைத்தான் கேட்டாள். அந்த ஆள் மரியசூசையாக இருந்துவிட்டான்.

நாலு வருசத்துக்கு முன்னால் என்றால் அவனே அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குதிரை பஸ்ஸின் மேலே ஏறியிருப்பான். அப்போது அவன் டாப்பு ஏறுகிற ஆள். புளி மூட்டை, தக்காளிக் கூடை, ஆட்டுக்குட்டி, கட்டில், எதுவானாலும் பின்பக்க ஏணியில் ஒரு கையால் பிடித்து, ஒரு கையால் மூட்டையைத் தாங்கி ஏற்றிவிடுவான். ஒரு நாள் கயிறு இறுக்கிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். மரியசூசை தார் ரோட்டில் விழுந்தான். இடுப்பு எலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு மூட்டை தூக்குகிறவர்களின் முறையில் அவன் பேர் வரவில்லை. யாரும் சண்டை போட்டு எடுக்கவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

கூப்பிட்டவன் அம்பாசடர் ஓட்டுகிற தீர்த்தகிரி. "உனக்கு இங்கிலீசு வருமாமே?" என்றான். வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருசம் சூசையபுரத்துச் சாமியார் பங்களாவில் சமையலுக்கும் தண்ணீருக்கும் இருந்தவன். வெள்ளைக்காரச் சாமியார், ஆசீர்நாதர் சாமி. சோறு வேகிற நேரத்தில் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். 'நாளைக்கு நான் செத்துட்டா நீ எங்கயாவது போயிப் பொழைக்கணுமில்ல' என்பார். அந்த இங்கிலீஷில்தான் இப்போது பிழைப்பு.

பெங்களூர்க்காரர்கள் இறங்கினால் தீர்த்தகிரியே "பன்னி சார், பன்னி" என்று கன்னடத்தில் 'வாங்க' சொல்லி இழுத்துக்கொள்வான். வெள்ளைத் தோலுக்கு மட்டும் மரியசூசை வேண்டும். ஒகேனக்கல்லுக்கு பஸ் இல்லை, பாலம் போய்விட்டது, ஸ்ட்ரைக், எதையாவது சொல்லிக் காருக்குள் ஏற்ற வேண்டும். அங்கே தீர்த்தகிரிக்கு வேண்டிய லாட்ஜ் ஒன்று இருந்தது. ராத்திரி தங்க வைத்தால் அதில் தனி வரும்படி.

அந்த அம்மாள் அவனை நம்பவில்லை. நேராக அன்வர் பாஷாவின் டீக்கடைக்குப் போனாள். காகிதத்தை நீட்டி, "பஸ்?" என்றாள். அன்வர் பாஷா காகிதத்தைப் பார்த்தார், குதிரை பஸ்ஸைப் பார்த்தார், அப்புறம் மரியசூசையைப் பார்த்தார். போன பங்குனியில் ஒரு வெள்ளைக்காரப் புருசன் பெண்டாட்டிக்குச் சரியான பஸ்ஸைக் காட்டிக்கொடுத்ததற்கு தீர்த்தகிரி ஆட்கள் அவர் அடுப்பை எட்டி உதைத்திருந்தார்கள். கொதிக்கிற பால் அவர் காலிலேயே கொட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கிளாஸ் கழுவ ஆரம்பித்தார்.

திரும்பி வந்தவளின் கண் மரியசூசையின் கழுத்தில் நின்றது. சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது. கயிற்றில் கோத்த பித்தளைச் சிலுவை வெளியே தொங்கியது.

"கத்தோலிக்?" என்றாள்.

"எஸ் மேடம். கத்தோலிக்." அவன் கை தானாக நெற்றிக்கும் மார்புக்கும் போய்ச் சிலுவை போட்டது. அதை அவன் ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை. கேட்டாள், கை போனது. ஆனால் அவளை ஏமாற்றியது அந்தக் கைதான். அவள் முகம் அப்படியே இளகிப்போனது. வழி தெரியாமல் நின்றவளுக்கு சொந்தக்காரன் கிடைத்த மாதிரி.

கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரப் பையன். மழுமழுவென்று முகம், நீளமான கழுத்து, வெளியே துருத்திய காது.

"மை பிரதர். வெரி சிக்."

மரியசூசை போட்டோவைப் பார்த்தான். எவனோ ஒரு துரை. சிஸ்டர்களின் ஆஸ்பத்திரிக்கு வருசத்துக்கு நாலு வெள்ளைக்காரர்கள் வருவதும் போவதும் உண்டு. இந்த ஊர்த் தண்ணீர் சேராமல் படுத்துவிடுவார்கள், எழுந்துவிடுவார்கள். அப்படி நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

"கார், மேடம். குட் கார்," என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். அவள் கொடுத்தாள்.

பின் சீட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு தீர்த்தகிரியிடம் குனிந்தான்.

"தீர்த்தா, அந்தம்மா சீக்காளியப் பாக்கப் போவுது. கரியம்பட்டி ஆஸ்பத்திரி. சுத்தாம நேரா வுட்டுரு."

"நீ எனக்கு ரூட்டு போட்டுக் குடுக்கறியா?"

"இல்லடா, நெசமாத்தான் சொல்லுது. போட்டோவெல்லாம் காட்டுது."

"எல்லாவனும் யாரையாவது பாக்கத்தான்டா போறான். மூட்ட தூக்க வக்கில்லாதவனுக்கு வேல குடுத்தா யோசன வேற சொல்ற. கதவச் சாத்து."

அம்பாசடர் கதவு ஒரு அடியில் சாத்தாது. மரியசூசை இரண்டு தரம் அடித்துச் சாத்தினான். கார் கதவைச் சாத்துவதோடு அவன் வேலை முடிந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. விரல்கள் சரியாகச் சேரவில்லை.

குதிரை பஸ் விசில் கொடுத்துக் காருக்குப் பின்னாலேயே கிளம்பியது. ஜன்னலோரம் இரண்டு சீட்டு காலியாகப் போனது.

"வயசான பொம்பளப்பா," என்றார் அன்வர் பாஷா, கிளாஸைத் துடைத்துக்கொண்டே.

"எனக்கும் கண்ணு இருக்குதுங்க பாய்."

"இருந்தாச் சரி."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சூசையபுரத்து உபதேசியார் சவுரியப்பன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர், நிறுத்தி நிதானமாகப் பேசுகிற மனுசன். அன்றைக்கு வெறும் காலோடு வந்திருந்தார்.

"மரியசூச, நம்ம ஆசீர்நாதர் சாமி, பெரிய சாமி, போயிட்டாருடா."

"எப்ப?"

"நேத்து சாயந்தரம். மெழுகுவத்தியும் கறுப்புத் துணியும் வாங்க வந்தேன். இன்னைக்கி நாலு மணிக்கு அடக்கம். மிக்கேலம்மாள இட்டுக்கினு வந்துரு."

மரியசூசை அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இடுப்பு விழுந்த நாளிலிருந்து அவன் ஊருக்குப் போவதில்லை. பூசைக்கும் போவதில்லை. செய்கிற வேலையை வைத்துக்கொண்டு அந்த ஆளின் முகத்தில் எப்படி முழிப்பது என்று இந்தப் பண்டிகை, அடுத்த பண்டிகை என்று தள்ளிக்கொண்டே வந்தான். சாமி இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். 'நொண்டிக்கிட்டாவது வரச் சொல்லு' என்று. போகவில்லை.

அவனும் பெண்டாட்டி மிக்கேலம்மாளும் பத்து நாற்பது குதிரை பஸ்ஸில்தான் போனார்கள். பஸ் முழுக்கச் சாவுக்குப் போகிற ஜனம். மிக்கேலம்மாள் மடியில் ரோஜா மாலை. கரியம்பட்டியில் ஆஸ்பத்திரி கேட் பூட்டியிருந்தது. அதைப் பார்த்தபோது அவனுக்கு அந்த வெள்ளைக்கார அம்மாள் ஞாபகம் வந்தது. தம்பிக்காரன் எழுந்து உட்கார்ந்திருப்பான், என்று நினைத்துக்கொண்டான்.

சூசையபுரம் கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. பீடத்துக்குக் கீழே சவப்பெட்டி திறந்திருந்தது. வெள்ளைத் தாடி மார்பு வரைக்கும் சீவிவிட்டிருந்தார்கள். தலைமாட்டில், தரையில், ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

மரியசூசைக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அந்தம்மா இங்கே எதற்கு வந்தது? பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பெரிய சிஸ்டரைக் கேட்டான். கரியம்பட்டி ஆஸ்பத்திரியின் தலைவி அவர்.

"யாருங்க சிஸ்டர் அது?"

"சாமியாரோட தங்கச்சி. கூடப் பொறந்தவங்க."

"சாமியாருக்குத் தங்கச்சியா?"

அவன் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. சூசையபுரத்தில் ஒருத்தருக்கும் அது தோன்றியதில்லை. சாமியார் என்றால் தாடியோடும் அங்கியோடும் பிறந்த ஆள். அவருக்கு அம்மா உண்டு, வீடு உண்டு, தங்கச்சியோடு சண்டை போட்டு வளர்ந்திருப்பார் என்று யார் யோசித்தது? நாற்பத்தெட்டு வருசத்தில் அவர் ஒரு தரம்கூட ஊருக்குப் போகவில்லை. இரண்டு தரம் அங்கிருந்து கப்பல் செலவுக்குப் பணம் வந்தது. ஒரு தரம் கிணறு வெட்டினார், ஒரு தரம் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டார். ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்தது, அந்த ஓட்டுக்குக் கீழே படித்தது. அங்கே அவரை எதிர்பார்த்து ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கவில்லை. ஆசீர்நாதர் என்பது இங்கே வந்து வைத்துக்கொண்ட பேர் என்பதுகூட பாதிப் பேருக்குத் தெரியாது.

"சாமிய எப்பங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தீங்க?"

"பத்து நாளாச்சே. உனக்குத் தெரியாதா? அவருதான் தந்தி குடுக்கச் சொன்னாரு, தங்கச்சியப் பாக்கணும்னு. நேத்து வருவாங்கன்னு தெரியும். காலையிலேருந்து கட்டிலத் திருப்பிப் போடச் சொல்லி வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. பன்னெண்டரை பஸ் சத்தம் கேட்டதும் தலையத் தூக்கினாரு. எறங்கி யாரும் வரல. மூணு மணி வரைக்கும் நல்ல நினைவு. அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. சாயந்தரம் மணி அடிக்கையில உசுரு போயிருச்சு."

"அந்தம்மா எப்ப வந்தாங்க?"

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு. பெங்களூர் பக்கம் ஏதோ பஸ் ஸ்ட்ரைக்காமே, பாவம். கார்ல வந்திருக்காங்க. வழியில ஏதோ ஓடையில தண்ணி போவுதுன்னு ஒகேனக்கல்லுல தங்க வெச்சுட்டானாம் டிரைவரு. எந்த ஓடையோ தெரியல. நாங்க சாமியத் தூக்கிக்கிட்டு விடிகாலையிலேயே இங்க வந்துட்டோம்."

பன்னிரண்டரையிலிருந்து மூணு. இரண்டரை மணி நேரம் நல்ல நினைவு. மரியசூசை பெட்டியைப் பார்த்தான். தாடிக்குப் பக்கத்தில், வெளியே துருத்தியபடி அந்தக் காது. எட்டு வருசம் அந்தக் காதைப் பார்த்து, அந்த ஆளுக்குச் சோறு போட்டவன். தாடி இல்லாத முகத்தில் அதை அடையாளம் தெரியவில்லை.

நழுவிவிடலாம் என்று திரும்பினான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஊர் முழுக்கப் பார்க்க அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிஸ்டரிடம் ஏதோ சொன்னாள்.

சிஸ்டர் சத்தமாகவே சொன்னார்: "நேத்து பஸ் ஸ்டாண்டுல திக்குத் தெரியாம நின்னப்ப இந்த மனுசன்தான் ஒதவி பண்ணுனாராம். கழுத்துல சிலுவையப் பாத்துத்தான் தைரியமே வந்துதாம். மரியசூச, சாமியார் கையால வளந்தவன்னு நிரூபிச்சிட்டப்பா."

ஜனம் அவனைப் பார்த்தது. கிழவிகள் அவன் தோளைத் தடவினார்கள். ஒருத்தி, "சாமி வளப்புடி, வீண் போவுமா?" என்றாள்.

பெட்டியைத் தூக்குவதற்குத் தெருவுக்கு ஒருத்தர் என்று ஆள் பிரித்திருந்தார்கள். அந்த அம்மாள் கேட்டாள் என்பதற்காக ஒருத்தனை விலக்கி மரியசூசையைத் தலைமாட்டில் விட்டார்கள். கோயில் வளவிலேயே குழி. இருபதடி கூட இருக்காது. நூறு கிலோ புளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறிய தோள்தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு இடறியது, பெட்டி அவன் பக்கமாகச் சாய்ந்தது. "நேராப் புடிப்பா, நேராப் புடி" என்று பின்னாலிருந்தவர்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். குழி மூடியபின் மரச் சிலுவை நட்டார்கள். அதில் ஆசீர்நாதர் சுவாமி என்றும், அதற்குக் கீழே அதுவரை யாரும் கேட்டிராத ஒரு பேரும் எழுதியிருந்தது. மார்செல் கர்னியே. சவுரியப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த அம்மாள் அந்தப் பேரைக் கேட்டபோதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

அன்றைக்கு மாமனார் வீட்டில் படுக்கை. சோறு இறங்கவில்லை. மிக்கேலம்மாள் துருவித் துருவிக் கேட்டாள். சொன்னான். அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"குதிரை பஸ் நின்னுக்கினு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ அத பாத்துக்கினுதான் சொன்னியா?"

"பாக்காம சொன்னேன்."

"தூ," என்றாள். அப்புறம் அழுதாள்.

"அந்தம்மாகிட்டப் போயிச் சொல்லிரலாம்னு இருக்கறேன்," என்றான் அவன். "சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னா, கேக்கற சாமிதான் செத்துப் போயிட்டாரு."

"சொல்லி? உனக்கு நெஞ்சு லேசாவும். அவளுக்கு? ஓட பெருகிருச்சு, கடவுள் குடுத்து வெக்கலன்னு போயிருவா. இப்ப நீ சொன்னின்னா சாவற வரைக்கும் அந்த ரெண்டரை மணி நேரத்தையே நெனச்சிக்கினு கெடப்பா. மூடிக்கினு இரு. நீயே சொமந்துக்க. சொமக்கறதுதான உன் தொழிலு?"

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. சொல்வதில்லை என்று முடிவு செய்தான். தருமபுரிக்கும் திரும்பவில்லை. அடுத்த மூன்று நாளும் கல்லறைக்குச் சரளைக்கல் சுமந்து கொட்டினான். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்; குதிரை பஸ் வந்து திரும்புகிற மத்தியான நேரத்தில் மட்டும் பங்களாவுக்குள் சாப்பிடப் போயிருப்பாள். சில சமயம் கேட்பாள். அண்ணன் என்ன சாப்பிடுவார்? பாட்டுப் பாடுவாரா? கோபம் வருமா? மரியசூசை தெரிந்த இங்கிலீஷில் சொல்வான். "ராகி களி, மேடம். வெரி லைக்." "சாங், எஸ். பேட் வாய்ஸ்." அவள் சிரித்தாள். சின்ன வயசிலும் குரல் அப்படித்தானாம். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவன் கூடையை எடுத்துக்கொண்டு போனான்.

நாலாம் நாள் அவள் கிளம்பினாள். மறுநாள் பெங்களூரிலிருந்து விமானம். பெரிய சிஸ்டர் மரியசூசையைக் கூப்பிட்டார்.

"இவங்கள பெங்களூர் பஸ்ஸுல நீயே பத்திரமா ஏத்தி வுட்டுரு. பஸ் ஸ்டாண்டுல ஏமாத்தறவனுங்க அதிகம். உன்ன நம்பித்தான் அனுப்பறேன்."

"எந்த பஸ்ஸுங்க சிஸ்டர்?"

"ஒரு மணிக்குத் திரும்புற குதிரை பஸ்தான். வேற எது இருக்குது?"

"சாயந்தரம் டவுன் பஸ் ஒண்ணு வருமுங்களே. கூட்டமிருக்காது."

"சாயந்தரம் போனா பெங்களூருக்கு எப்ப போயிச் சேருவாங்க? ஏன், இதுல என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, கோயில் திடலில் வட்டம் அடித்துத் திரும்பி நின்றது. திரும்பும்போது முதுகைக் காட்டித்தானே திரும்ப வேண்டும். வெள்ளைக் குதிரை, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். சிஸ்டர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தவள், கை கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எழுத்து தெரியாது, குதிரை தெரியும்.

அப்புறம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கரியம்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றபோது ஒரு தரம். பென்னாகரத்தில் ஒரு தரம். ஓடையின் மேல் போட்ட சின்னப் பாலத்தைத் தாண்டும்போது எட்டிக் கீழே பார்த்தாள். மணல்தான் கிடந்தது, எருமை ஒன்று ஊறல் தண்ணீரில் படுத்திருந்தது. மரியசூசை இரண்டு சீட்டுத் தள்ளி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முதுகைப் பார்த்தபடி வந்தான்.

தருமபுரியில் பஸ் அதே இடத்தில் போய் நின்றது. அவள் கடைசியாக இறங்கினாள். தான் அன்றைக்கு நின்ற இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து திரும்பி, பஸ்ஸைப் பார்த்தாள். பத்தடி.

"திஸ் பஸ்," என்றாள். "தட் டே. திஸ் பஸ்?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பஸ்ஸை ரூட்டு மாற்றிவிட்டார்கள் மேடம், அன்றைக்கு சேலம், இன்றைக்கு பென்னாகரம். நாலு வார்த்தை. அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் விரும்பினாள், முகத்தில் தெரிந்தது. பெண்டாட்டி சொன்னதும் ஞாபகம் வந்தது. மரியசூசை வாயைத் திறந்தான். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணைப் பார்த்தான்.

"எஸ் மேடம். திஸ் பஸ்."

"நோ ஸ்ட்ரைக்?"

"நோ ஸ்ட்ரைக்."

"வாட் டைம் ஹாஸ்பிடல்?"

"ட்வெல்வ் தர்ட்டி."

அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உதடு மட்டும் அசைந்தது. பன்னிரண்டரையிலிருந்து எண்ணினாள் போல. 'நான் நேராத்தான் கொண்டுபோய் விடச் சொன்னேன்' என்று அவன் ஆரம்பித்தான். அதற்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே முனகிவிட்டு நிறுத்தினான். அவர் சாமியார் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தான். அதைச் சொல்வதும் கேவலம் என்று பட்டது. வேறு எவனோ ஒரு துரை என்றால் சாகலாமா?

அவள் கையை நீட்டினாள். பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அது கனமான பெட்டி. அண்ணனுடைய பழைய பூசைப் புத்தகங்களும் ஒரு ஜோடி செருப்பும் அதில் இருந்தன. வாங்கியதும் கை தொங்கிப்போனது.

"மேடம், பெங்களூர் பஸ், தேர்," என்று சிவப்பு பஸ் ஒன்றைக் காட்டினான். "தட் ஒன். ரெட். ட்ரூ, மேடம். ட்ரூ."

அவள் அந்த பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி, முழங்காலில் இடிக்க இடிக்க, அன்வர் பாஷாவின் கடைக்குப் போனாள்.

"பாங்களூர்?" என்று கேட்டாள்.

அன்வர் பாஷா நிமிர்ந்தார். தூரத்தில் தீர்த்தகிரி காரில் சாய்ந்துகொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவனையும் பார்த்தார். பிறகு கரண்டியோடு கையை நீட்டி, அதே சிவப்பு பஸ்ஸைக் காட்டினார்.

அவள் அவரையும் நம்பவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கேட்டாள். புத்தகப் பை வைத்திருந்த ஒரு பெண்ணை, அப்புறம் கைக்குழந்தைக்காரி ஒருத்தியை. எல்லோரும் அதே பஸ்ஸைத்தான் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஏறினாள்.

பஸ் போனது. மரியசூசை தலையில் சும்மாட்டுத் துண்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். "ஏன்டா நாலு நாளா ஆளக் காணோம்?" என்று கத்தினான் தீர்த்தகிரி. "அடுத்த பெங்களூர் வண்டி உள்ள வருது பாரு. ரெண்டு வெள்ளத்தோலு. ஓடு."

அந்த வண்டியிலிருந்து ஒரு பையனும் பெண்ணும் முதுகுப் பையோடு இறங்கினார்கள். மரியசூசை நொண்டிக்கொண்டே அவர்களிடம் போனான்.

"ஒகேனக்கல்?" என்றான் பையன்.

"பஸ் தேர்," என்று மரியசூசை கை காட்டினான். "நோ கார். பஸ்."

அவர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். பொத்தான் அறுந்த சட்டை, கோணல் இடுப்பு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பையன் சிரித்தபடி, "நோ தாங்க்ஸ்," என்று சொல்லிவிட்டுத் தீர்த்தகிரியின் காரைப் பார்த்து நடந்தான்.